உள்நுழைவுப் பக்கத்தில் சர்வர் எவ்வளவு பேசலாம்?

‘பயனர்பெயர் அல்லது கடவுச்சொல் தவறு.’ நான் எழுதிய நிரல்கள் ரங்கூனில் சொன்ன வாக்கியங்களில் அதிகம் படிக்கப்பட்டது இதுவாகத்தான் இருக்கும். உளுந்தின் அன்றாட விலைக்குக்கூட இரண்டாம் இடம்தான்.

பயின்னவுங் மொத்தச் சந்தையில் உளுந்து, துவரை, பாசிப்பயறு வாங்கி விற்கும் சில வணிகர்களுக்காக ஒரு விலைப்பட்டியல் தளத்தைப் பராமரிப்பது என் பிழைப்பு. பர்மா உளுந்துக்குப் பெரிய வாடிக்கையாளர் இந்தியா என்பதால், தளத்துக்குள் வருபவர்கள் பலதரப்பட்டவர்கள். ரங்கூன் தமிழ்க் கடைகளின் கணக்கர்கள், பர்மியத் தரகர்கள், சென்னையில் உட்கார்ந்தபடி விலை பார்க்கும் கொள்முதல்காரர்கள் என எல்லோரும் உண்டு. மூன்று எழுத்து முறைகள், இரண்டு நேர மண்டலங்கள், பலர் கையில் பழைய கைப்பேசி. இவர்கள் எல்லோரும் ஒரே பக்கத்தின் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். வர முடியாதபோது எல்லோருக்கும் அந்த ஒரே வரிதான்.

அந்த வரி தவறானது என்று நான் வாதிடவில்லை. பாதுகாப்பு பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் பரிந்துரைக்கும் வரி அது, காரணமும் சரியானது. ஆனால் நேர்மையாகக் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டு அதன் முன்னால் விழித்துக்கொண்டு நிற்பவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. சர்வர் சொல்வதைக் கேட்பவர்கள் மூன்று பேர்: கணக்கின் சொந்தக்காரர், அடுத்தவர் கணக்கைத் திறக்கப் பார்ப்பவர், நாளைக்குக் கோளாறு தேடி உட்காரப்போகும் நிரலாளர். மூவருக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக் கைகழுவுவதுதான் தொல்லை. திரையில் சொல்ல வேண்டியது வேறு, சொந்தக்காரரின் கைப்பேசிக்குப் போக வேண்டியது வேறு, சர்வரின் பதிவேட்டில் எழுத வேண்டியது வேறு.

முதலில் அந்த வரி ஏன் அப்படி மழுப்பலாக இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ‘இந்தப் பெயரில் கணக்கு இல்லை’ என்று ஒரு தடவையும், ‘கடவுச்சொல் தவறு’ என்று இன்னொரு தடவையும் சர்வர் சொன்னால், யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்று பட்டியல் போட்டுவிடலாம். ஆயிரம் கைப்பேசி எண்களை வரிசையாகக் கொடுத்துப் பார்க்க ஒரு சின்ன நிரல் போதும். பழைய ரங்கூனின் முகல் தெருவில் செட்டியார்களின் வட்டிக்கடைகளான கிட்டங்கிகள் இருந்த காலத்தில், முன்பின் தெரியாத ஒருவர் வந்து ‘இன்னாருக்கு இங்கே கணக்கு உண்டா?’ என்று கேட்டிருந்தால், கடைநிலை எடுபிடியான பெட்டியடிப் பையன்கூட உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லியிருக்க மாட்டான். ‘மேலாள் வரட்டும்’ என்று உட்காரச் சொல்லியிருப்பான். சர்வரும் அவ்வளவு சூட்டிகையாக இருந்தால் போதும்.

ஆனால் வாயை மூடினால் மட்டும் போதாது. கணக்கு இல்லாவிட்டால் சர்வர் உடனே பதில் சொல்கிறது. கணக்கு இருந்தால் கடவுச்சொல்லின் ஹேஷை, அதாவது திரும்பக் கடவுச்சொல்லாக்க முடியாத ஒரு குறியீட்டை, கணக்கிட்டுவிட்டுத்தான் பதில் சொல்கிறது. பிகிரிப்ட் போன்ற ஹேஷ் முறைகள் வேண்டுமென்றே மெதுவாக ஓடும்படி அமைக்கப்பட்டவை. அந்தத் தாமதத்தை அளந்தாலே ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆகவே கணக்கு இல்லாதபோதும் ஒரு பொய் ஹேஷோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே பதில் சொல்ல வேண்டும். இதையெல்லாம் சிரத்தையாகச் செய்துவிட்டு, புதுக் கணக்கு தொடங்கும் பக்கத்தில் ‘இந்த எண் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது’ என்று எழுதி வைக்கும் தளங்கள் ஏராளம். கடவுச்சொல் மறந்துவிட்டது என்னும் பக்கமும் அப்படித்தான். அங்கே நான் எழுதியிருப்பது இது: ‘இந்த எண்ணில் கணக்கு இருந்தால், அதற்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறோம்.’ திரையில் அவ்வளவுதான். உண்மை அந்தக் கைப்பேசிக்குப் போகிறது.

கைப்பேசிக்குப் போகும் செய்தியிலும் அளந்துதான் பேச வேண்டும். 2014இல் ஊரிடூவும் டெலிநாரும் பர்மாவுக்குள் வந்து 1,500 கியாட்டுக்கு சிம் அட்டை விற்கத் தொடங்கின. அதற்கு முன் சிம் என்பது பணக்காரப் பண்டம். விலை இறங்கியபின் சிம்மை மாற்றுவது சட்டை மாற்றுகிற சங்கதியாகிவிட்டது. பழைய எண் இன்று யார் கையில் இருக்கிறது என்பது சர்வருக்குத் தெரியாது. அதனால் ஒரே ஒரு தடவை மட்டும் செல்லுபடியாகும் நுழைவு எண்ணை (ஓடிபி) அனுப்பும் குறுஞ்செய்தியில் ஆளின் பெயரோ கடையின் பெயரோ இருக்கக் கூடாது.

இனி என் வேலைநாளில் பெரும்பங்கைத் தின்ற விஷயத்துக்கு வருகிறேன்: எழுத்து.

பர்மிய எழுத்தைக் கணினியில் சேமிக்க இரண்டு வழிகள் நெடுங்காலம் சண்டை போட்டன. ஒன்று, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனிக் குறியீட்டெண் கொடுக்கும் பொதுத்தரமான யூனிகோடு. மற்றது ஸாஜி என்னும் எழுத்துரு. ஸாஜி தனக்கென வேறு இடம் தேடிக்கொள்ளவில்லை. யூனிகோடு பர்மிய மொழிக்கு ஒதுக்கிய அதே குறியீட்டெண்களில் உட்கார்ந்துகொண்டு, அவற்றைத் தன் இஷ்டத்துக்குப் பயன்படுத்தியது. நம் ஒற்றைக் கொம்பைப் போல பர்மியத்திலும் மெய்க்கு இடப்புறம் தோன்றும் உயிர்க்குறி ஒன்று உண்டு. யூனிகோடு அதை மெய்க்குப் பின்னால் சேமிக்கும். ஸாஜி கண்ணுக்குத் தெரிகிறபடி முன்னால் சேமிக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே பைட்டுகள் வேறு. 2019 அக்டோபர் 1ஆம் தேதி நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. பழைய கைப்பேசிகளுக்கு அந்தத் தேதி தெரியாது.

ஒரு தரகர் பழைய கைப்பேசியில் ஸாஜியில் கடவுச்சொல் வைத்தார். புதுக் கைப்பேசி வாங்கி, யூனிகோடு விசைப்பலகையில் அதே எழுத்துகளைத் தட்டினார். தவறு என்றது சர்வர். மறுபடி தட்டினார். தவறு. அவர் பக்கத்தில் பிழையே இல்லை. பிறகு என்னைத் தொலைபேசியில் அழைத்து, தன் கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாக எனக்கு ஒப்பித்தார். பாதுகாப்பு என்று நாம் கட்டியதெல்லாம் அந்த அழைப்பிலேயே போய்விட்டது.

பயனர்பெயராக இருந்தால் ஸாஜியா யூனிகோடா என்று கண்டுபிடித்து மாற்றலாம். கூகுள் 2018இல் வெளியிட்ட மியன்மார் டூல்ஸ் என்னும் நிரல்தொகுப்பு, ஓர் எழுத்துத்தொடர் ஸாஜியாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லும். நீளமான வாக்கியத்தில் நன்றாகவே கண்டுபிடிக்கும். இரண்டு மூன்று அசைகள் கொண்ட ஆள் பெயரில் அது நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் பல குறுஞ்சொற்கள் இரண்டு முறையிலும் ஒரே பைட்டுகள்தான். கடவுச்சொல்லில் இந்தச் சிக்கல் இன்னும் ஒரு படி மேல்: சேமித்து வைத்திருப்பது ஹேஷ் மட்டுமே. எதிலிருந்து எதற்கு மாற்றுவது?

நான் இப்போது செய்வது இவ்வளவுதான். பயனர்பெயரில் பர்மிய எழுத்தையும் தமிழ் எழுத்தையும் அடியோடு எடுத்துவிட்டேன். கைப்பேசி எண்தான் பயனர்பெயர். காட்டும் பெயரை எந்த எழுத்தில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கடவுச்சொல் பொருந்தவில்லை என்றால், தட்டியது பர்மிய எழுத்தாக இருக்கும்பட்சத்தில், மறு எழுத்துமுறைக்கு மாற்றி இன்னொரு தடவை சரிபார்க்கிறேன். கள்ளத்தனமாக ஊகிப்பவருக்கு இதனால் கிடைக்கும் சலுகை மிகச் சிறியது. தரகருக்குக் கிடைக்கும் நிம்மதி பெரியது. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் கடவுச்சொற்கள் பற்றி வெளியிட்டுள்ள வழிகாட்டி ஒன்று உண்டு. முன்பின் இருக்கும் வெற்று இடைவெளியைக் களைந்து பார்ப்பது போன்ற சின்னச் சலுகைகளை அதுவும் அனுமதிக்கிறது. வைபர் என்னும் செய்திச் செயலியில் வந்த கடவுச்சொல்லை நகலெடுத்து ஒட்டும் ஊர் இது. ஒட்டும்போது கடைசியில் ஓர் இடைவெளி சேர்ந்துகொள்ளாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பர்மிய உரையில் வரி மடிப்பதற்காகச் செருகப்படும் அகலமே இல்லாத இடைவெளியும் கூடவே வந்துவிடும். அதைக் கண்ணால் பார்க்கவும் முடியாது.

திரையில் ஒரு துணைவரியும் சேர்த்தேன்: ‘நீங்கள் தட்டியதில் பர்மிய எழுத்துகள் இருக்கின்றன. விசைப்பலகையைச் சரிபாருங்கள்.’ சக நிரலாளர் ஒருவர் இதைப் பார்த்துப் பதறினார்: ‘அண்ணே, தகவல் கசியாதா?’ கசியாது. அந்த வரி கணக்கைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பயனர் சற்றுமுன் என்ன தட்டினார் என்பதை மட்டும் அவருக்கே திருப்பிச் சொல்கிறது. கணக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஒரே மாதிரிதான் வரும். இந்த வேறுபாட்டைத்தான் பாடப்புத்தக விதியை மனப்பாடம் செய்தவர்கள் கவனிப்பதில்லை. சர்வருக்குத் தெரிந்த இரகசியம் ஒன்று, பயனர் தானே கொடுத்த தகவல் இன்னொன்று. முன்னதைப் பற்றி ஊமையாக இருக்க வேண்டும். பின்னதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

எண்களிலும் இதே கூத்து. பர்மிய விசைப்பலகையில் இலக்கங்களும் பர்மிய இலக்கங்களாகவே விழும். குறுஞ்செய்தியில் வந்த ஆறு இலக்க எண்ணைச் சரியாகத் தட்டியவரிடம் ‘எண் தவறு’ என்று சொல்வது அநியாயம். சர்வரில் ஒரு வரி நிரல் போதும் அதை மாற்ற. ஆனால் பர்மியச் சுழியமும் ‘வ’ என்னும் பர்மிய எழுத்தும் பார்வைக்கு ஒரே வட்டம். சுழியத்துக்குப் பதில் ‘வ’வைத் தட்டுபவர்கள் உண்டு. மற்ற ஐந்தும் இலக்கமாக இருந்தால் அந்த ‘வ’வையும் சுழியமாக எடுத்துக்கொள் என்று எழுதிவிட்டேன். கைப்பேசி எண்ணும் அப்படியே: 09 என்று தொடங்குபவர், 959 என்று தொடங்குபவர், கூட்டல் குறி போட்டு +959 என்று தொடங்குபவர் எல்லோரும் ஒரே ஆள்தான் என்று சர்வருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நடுவில் கோடு போடுபவரையும் சேர்த்து.

தமிழ்க்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். ‘கோ’ என்பதை ககரம், ஓகாரக்குறி என இரண்டு குறியீட்டெண்களாகவும் சேமிக்கலாம். ககரம், இரட்டைக்கொம்பு, கால் என மூன்றாகவும் சேமிக்கலாம். யூனிகோடு இரண்டையும் சமம் என்று அறிவித்திருக்கிறது. ஹேஷுக்கு அந்த அறிவிப்பு தெரியாது. கடவுச்சொல்லை ஹேஷ் செய்வதற்கு முன், சமமான வடிவங்களை ஒன்றாக்கும் இயல்பாக்கம் என்னும் படியைக் கடந்தால் இது தீர்ந்துவிடும். பயனர்பெயர்களுக்கும் கடவுச்சொற்களுக்கும் எனத் தனியாக 2017இல் வந்த ஆர்எஃப்சி 8265 என்னும் இணையத் தர ஆவணம் அதைத்தான் சொல்கிறது. ஆனால் ‘சௌந்தரம்’ தீராது. பலர் ஔகாரக்குறியைத் தட்டாமல், ஒற்றைக்கொம்பு போட்டு அருகே ‘ள’வைத் தட்டுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் கண்ணால் வித்தியாசம் காண முடியாது. இவை இரண்டும் யூனிகோடின் கணக்கில் சமமே இல்லை. எந்த இயல்பாக்கமும் இவற்றை ஒன்றாக்காது.

நீளத்திலும் ஒரு பொறி இருக்கிறது. பிகிரிப்ட் 1999இல் நீல்ஸ் புரோவோஸ், டேவிட் மாசியேர் இருவரும் வெளியிட்ட முறை. இன்றும் பிஎச்பி என்னும் நிரல்மொழியில் எழுதிய தளங்களில் இயல்பாக ஓடுவது அதுதான். அது 72 பைட்டுகளை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்; தமிழில் ஒவ்வொரு குறியீட்டெண்ணுக்கும் மூன்று பைட். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்ற பழமொழியை எண்ணிப் பாருங்கள்: 23 குறியீட்டெண்கள், 69 பைட், மூன்று இடைவெளிகள், மூன்று பைட். ஆக மிகச் சரியாக 72. யாராவது இதைக் கடவுச்சொல்லாக வைத்து, பாதுகாப்புக்கு இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று பின்னால் 2019 சேர்த்தால், அந்த நான்கு இலக்கங்களும் கணக்கிலேயே வராது. 2020 என்று போட்டாலும் உள்ளே விட்டுவிடும். சர்வர் எதுவும் சொல்லாது. சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்ளும் சர்வரும் ஆபத்துதான். ஆக்டா என்னும் அமெரிக்க நிறுவனம் 2024இல் இதே 72இல் மாட்டிக்கொண்டது. பயனரின் எண், பயனர்பெயர், கடவுச்சொல் மூன்றையும் ஒட்டி பிகிரிப்டில் போட்டு, வெற்றிகரமான நுழைவுகளுக்கான தற்காலிகச் சாவி செய்திருந்தார்கள். பயனர்பெயர் 52 எழுத்துகளையோ அதற்கு மேலோ தொட்டால், சில சூழ்நிலைகளில் கடவுச்சொல் இல்லாமலேயே கதவு திறந்தது. நான் ஆர்கான்2 என்னும் வேறொரு ஹேஷ் முறைக்கு மாறிவிட்டேன். மாறாதவர்கள் கடவுச்சொல் வைக்கும் பக்கத்திலாவது ‘இது மிக நீளம்’ என்று சொல்லிவிடுங்கள்.

இந்தச் செய்திகளை சர்வரிலிருந்து பக்கத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதில் ஒரு கெட்ட பழக்கம் வேரூன்றியிருக்கிறது. தவறு நேர்ந்ததும் நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பி, செய்தியை முகவரியிலேயே ஒட்டி விடுவது. அந்தப் பக்கம் முகவரியில் இருப்பதை அப்படியே எடுத்துக் காட்டும். நிரல்துண்டு செருகும் ஆபத்து எல்லோருக்கும் தெரியும், தப்பிக்கும் வழியும் தெரியும். ஆனால் வெறும் எழுத்தாகவே இருந்தாலும் ஆபத்து போகாது. ‘உங்கள் கணக்கு முடக்கப்பட்டது, இந்த எண்ணை உடனே அழையுங்கள்’ என்று எழுதி ஓர் இணைப்பு செய்து வைபர் குழுவில் போட்டால், நம்முடைய பெயரில், நம்முடைய சிவப்புப் பெட்டிக்குள், திருடனின் தொலைபேசி எண் பளிச்சென்று தெரியும். முகவரிப் பட்டையைப் பார்த்தாலும் நம் தளம்தான். முகவரியில் செய்திக்கான குறியீட்டை மட்டும் அனுப்பி வாக்கியத்தை சர்வரே தேர்ந்தெடுக்க வேண்டும். அல்லது அமர்வில், அதாவது பயனரின் அந்த வருகைக்கென சர்வர் வைத்திருக்கும் குறிப்பில், ஒருதடவைச் செய்தியாக வைத்து, காட்டியதும் அழித்துவிட வேண்டும்.

சர்வர் ஒவ்வொரு பதிலோடும் உலாவிக்கு அனுப்பும் எண்ணான நிலைக்குறியீட்டைப் பற்றி ஒரு சொல். தோல்வியடைந்த நுழைவுக்கு 401 (அனுமதியில்லை) அனுப்புவதா 200 (சரி) அனுப்புவதா என்று நிரலாளர்கள் மல்லுக்கு நிற்பார்கள். 401 அனுப்பினால், எந்த முறையில் நுழையலாம் என்று கூறும் தலைப்பு வரியும் கூடவே போக வேண்டும் என்பது வலைத்தளங்களின் தொடர்பு நெறிமுறையான எச்டிடிபியின் விதி. அதில் ‘பேசிக்’ என்று எழுதினால் உலாவி தன்னுடைய வறட்டுப் பெட்டியை நீட்டிவிடும். நாம் பார்த்துப் பார்த்து எழுதிய செய்தி பின்னால் மறைந்துபோகும். படிவத்தைத் திரும்பக் காட்டும் பக்கத்துக்கு எதை அனுப்பினாலும் குடி முழுகிவிடாது. நான் 200 அனுப்பிவிட்டு, தோல்விகளைப் பதிவேட்டில் எண்ணிக்கொள்கிறேன்.

இதைவிட நேரம் செலவழிக்கத் தகுந்தது இரட்டைச் சொடுக்கு. மின்சாரம் போய், வைஃபை போய், கைப்பேசி இணைப்புக்கு மாறும் இடைவேளையில் பயனர் ‘நுழை’ பொத்தானை அழுத்துகிறார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்துகிறார். முதல் கோரிக்கை சர்வரை அடைந்து, கடவுச்சொல் சரியாகி, அமர்வு எண் புதிதாக மாற்றப்படுகிறது. நுழைந்ததும் அமர்வு எண்ணை மாற்றியே ஆக வேண்டும்; இல்லாவிட்டால் முன்கூட்டியே ஓர் எண்ணை நம் தலையில் கட்டியவன் நம்மோடு சேர்ந்து உள்ளே வந்துவிடுவான். ஆனால் புது எண் உலாவிக்குப் போய்ச்சேரும் முன்பே இரண்டாம் கோரிக்கை பழைய எண்ணோடு கிளம்பிவிட்டது. பழைய அமர்வை சர்வர் அழித்துவிட்டிருந்தால், ‘உங்கள் அமர்வு காலாவதியானது’ என்ற செய்தி. கடவுச்சொல் சரி, ஆளும் சரி, பக்கம் மட்டும் வெளியே தள்ளுகிறது. நிலையற்ற இணைப்புகளில் இப்படி நேரும், எனவே பழைய அமர்வை உடனே அழிக்காமல் சற்று நேரம் காலாவதிக் குறிப்போடு விட்டு வையுங்கள் என்று பிஎச்பி கையேடே எச்சரிக்கிறது. அதையும் செய்தேன்; அழுத்தியவுடன் பொத்தானைச் செயலிழக்கச் செய்து ‘காத்திருங்கள்’ என்று காட்டவும் செய்தேன். பின்னதுதான் அதிகம் உதவியது.

பல தடவை தவறினால் பூட்டிவிடுவது என்பது அடுத்தது. எதை வைத்துப் பூட்டுவது? இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரியை வைத்து எண்ணினால் ரங்கூனில் கதை கந்தலாகும். 2021 பிப்ரவரியில் ஃபேஸ்புக் தடுக்கப்பட்டதிலிருந்து வெளிநாட்டு சர்வர் வழியாகச் சுற்றிப் போக உதவும் விபிஎன் என்பது வீட்டுச் சொல்லாகிவிட்டது. சம்பந்தமே இல்லாத பல பேர் ஒரே வெளிநாட்டு முகவரியிலிருந்து வருவதுபோல் தெரியும். ஒருவர் தவறினால் எல்லோருக்கும் தண்டனை. கணக்கை வைத்துப் பூட்டினாலோ, போட்டிக்கடைக்காரர் காலையில் விலை படியும் நேரம் பார்த்து, வேண்டாதவரின் எண்ணை இட்டு வாய்க்கு வந்த கடவுச்சொற்களைத் தட்டிக்கொண்டே இருந்தால் போதும். நேர்மையானவர் வெளியே நிற்பார். அதனால் முழுப் பூட்டு கிடையாது. ஒவ்வொரு தவறுக்கும் காத்திருக்கும் நேரம் கூடும். முன்பு வெற்றிகரமாக நுழைந்த கைப்பேசியில் அதற்கான குக்கி, அதாவது தளம் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு, இருந்தால் அதற்குத் தனிக் கணக்கு.

காத்திருக்கச் சொல்லும் செய்தியில் கடிகார நேரத்தை எழுதக் கூடாது. பர்மா உலகப் பொது நேரத்துக்கு ஆறரை மணி முன்னால், இந்தியா ஐந்தரை மணி முன்னால். ‘10.15க்குப் பிறகு முயலுங்கள்’ என்றால் சென்னைக்காரர் ஒரு மணி நேரம் வீணாகக் காத்திருப்பார். முழு மணிக் கணக்கில்தான் நேர மண்டலங்கள் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட நூலகங்கள் அந்த அரை மணியையும் விழுங்கிவிடும். ‘12 நிமிடம் கழித்து முயலுங்கள்’ என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. அளவுக்கு மிஞ்சிய முயற்சிகள் என்னும் 429 நிலைக்குறியீட்டோடு போகும் காத்திருப்புத் தலைப்பிலும் விநாடிக் கணக்கையே கொடுக்கிறேன்.

சரி, ஆள் உள்ளே வந்துவிட்டார். இப்போது வணக்கம் சொல்ல வேண்டும். பெயரில் முதல் சொல்லை எடுத்து வாழ்த்தும் நிரல்தொகுப்புகள் பர்மாவில் அசடு வழியும். பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் நிற்பது பெரும்பாலும் மரியாதை அடைமொழி. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்டின் பெயர் தாண்ட் மட்டுமே. நம் நிரலோ அவரை ‘வணக்கம், ஊ!’ என்று வரவேற்றிருக்கும். ‘டோ’ என்று தொடங்கும் மூத்த பெண்மணிக்கு ‘வணக்கம், டோ!’ பர்மாத் தமிழர்களில் பலருக்கு அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பெயர், வீட்டிலும் கோயிலிலும் ஒரு தமிழ்ப் பெயர். எந்தப் பெயரால் கூப்பிடுவது என்று சர்வர் ஊகிக்க வேண்டியதில்லை. ‘உங்களை எப்படி அழைக்கட்டும்?’ என்று ஒரு கட்டம் வைத்தால் அவர்களே எழுதிவிடுகிறார்கள். ஒருவர் ‘முதலாளி’ என்று எழுதியிருக்கிறார்.

வணக்கம் சொல்வதில் உள்ள உண்மையான ஆபத்து வேறு: அது தவறான ஆளுக்குப் போய்விடுவது. 1960களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஓடிய சிடிஎஸ்எஸ், பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்த வழிவகுத்த முன்னோடி அமைப்பு. நுழையும் ஒவ்வொருவருக்கும் அது அன்றைய செய்தி ஒன்றைக் காட்டும். ஒரு நாள் அந்தச் செய்தியின் இடத்தில் எல்லாப் பயனர்களின் கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகி வந்தன. அதை வடிவமைத்த பெர்னாண்டோ கார்பட்டோ, கணினித்துறையின் 1990ஆம் ஆண்டு டூரிங் விருதுக்கான உரையில் காரணத்தை விளக்கியிருக்கிறார். ஒரு கோப்பகத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்வார் என்று எண்ணி, திருத்தும் நிரல் தன் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை வைத்தது. அன்று ஒரு நிர்வாகி கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். இன்னொருவர் அன்றைய செய்தியைத் திருத்திக்கொண்டிருந்தார். இரண்டு கோப்புகளும் இடம் மாறிவிட்டன.

இது பழங்கதை என்று ஒதுக்க முடியாது. 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் விளையாட்டுக் கடையில் நுழைந்தவர்கள் தங்கள் கணக்குப் பக்கத்தில் வேறு யாரோ ஒருவருடைய விவரங்களைக் கண்டார்கள். அன்று நடந்த இணையத் தாக்குதலைச் சமாளிக்க மாற்றிய இடைச்சேமிப்பு (வேகத்துக்காகப் பக்கங்களின் நகலை வைத்திருக்கும்) அமைப்பு, ஒருவருக்கென்று தயாரான பக்கத்தை அடுத்தவருக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டது; சுமார் 34,000 பேரின் பக்கங்கள் அப்படிப் போயிருக்கலாம் என்று நிறுவனம் அறிவித்தது. ‘வணக்கம், இன்னார்’ என்று அச்சாகும் எந்தப் பக்கத்துக்கும் ‘சேமிக்காதே’ என்ற தலைப்பு வரி கட்டாயம். இணைப்பு மெதுவாக இருக்கும் ஊரில் எதையாவது இடைச்சேமிப்பில் வைத்து வேகம் கூட்டலாமா என்ற ஆசை நிரலாளருக்கு எப்போதும் இருக்கும். படத்தை வையுங்கள், விலைப்பட்டியலை வையுங்கள். வணக்கத்தை வைக்காதீர்கள்.

பதிவேட்டுக்கு வருவோம். திரையில் சொல்லாததை எல்லாம் இங்கே எழுதலாம்: கணக்கு இல்லையா, கடவுச்சொல் தவறா, எழுத்துமுறை மாற்றிப் பார்த்துப் பொருந்தியதா, எல்லாம். கடவுச்சொல்லைத் தவிர. 2018 மே மாதம் ட்விட்டர் தன் பயனர்கள் அனைவரையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது; ஹேஷ் செய்வதற்கு முன்பே உள் பதிவேடு ஒன்றில் அவை அப்படியே எழுதப்பட்டிருந்தன. ஃபேஸ்புக்கும் 2019இல் இதே போன்ற ஒன்றை ஒப்புக்கொண்டது. 2024இல் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்காக 9.1 கோடி யூரோ அபராதம் விதித்தது. கடவுச்சொல் கட்டத்தைப் பதிவு செய்யாமல் விட்டாலும் தீராது. அவசரத்தில் கடவுச்சொல்லைப் பயனர்பெயர்க் கட்டத்தில் தட்டுபவர்கள் உண்டு. ‘இந்தப் பயனர்பெயர் கிடைக்கவில்லை’ என்று அதை எழுதி வைத்தால், அடுத்த வரியில் அதே கைப்பேசியிலிருந்து சரியான பெயர் வரும், ஜோடி சேர்ந்துவிட்டது. அதனால் நம் கணக்குகளில் இல்லாத பயனர்பெயரைப் பதிவேட்டில் எழுதுவதில்லை. அதன் நீளத்தை மட்டும் எழுதுகிறேன்.

யூனிக்ஸ் கணினிகளில் நுழைந்தால் ‘கடைசியாக நுழைந்தது இன்ன நேரம், இன்ன இடத்திலிருந்து’ என்று ஒரு வரி வரும். வலைத்தளங்களில் ஏனோ இது அரிதாகிவிட்டது. கணக்கை வேறொருவர் பயன்படுத்துகிறாரா என்று சொந்தக்காரரே கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை என்பது என் கருத்து. எங்கள் தளத்தில் வைத்தேன். நேரத்தை அவரவர் ஊர் நேரத்தில், கைப்பேசியா கணினியா என்ற குறிப்போடு.

இரண்டொரு நாளில் ஒரு கடை முதலாளியிடமிருந்து அழைப்பு. “தம்பி, நான் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நுழைந்ததாகக் காட்டுகிறதே?” விசாரித்தால், கடையின் கணக்கர், அவருடைய மைத்துனர், கிடங்கைப் பார்த்துக்கொள்பவர், பகோவில் கொள்முதல் செய்யும் ஆள் என எல்லோரும் அந்த ஒரே கணக்கில்தான் நுழைகிறார்கள். இரவில் விலை பார்த்தது மைத்துனர். ஏன் பார்த்தார் என்பது அந்தக் குடும்பத்துக்குள் பெரிய பேச்சாகிவிட்டது. “அந்த வரியை எடுத்துவிடு தம்பி, வீட்டில் நிம்மதி போய்விட்டது” என்றார். எடுக்க மனம் வரவில்லை. “ஐயா, ஆளுக்கு ஒரு துணைக்கணக்கு போட்டுத் தருகிறேன், யார் எப்போது நுழைந்தார்கள் என்று உங்களுக்கு மட்டும் தெரியும்” என்றேன். சற்று யோசித்துவிட்டு, துணைக்கணக்குக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்படியானால் மைத்துனருக்கு முதலில் போடு” என்றார்.